விரால் வைரலான கதை!

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் ஒரு நாளைக்கு இருபது முறையாவது டைப் செய்யும் வார்த்தை 'வைரல்'. என் போனுக்கு மட்டும் ஏனோ அந்த வார்த்தை ஆகாது. அவசரத்தில் அடித்தால் 'விரால்' என்று மாற்றிவிடும். 'இணையத்தில் விரால் ஆகும் வீடியோ' என்று ஒருமுறை தலைப்பே போய்விட்டது. ஐந்து நிமிடத்தில் திருத்திவிட்டோம். அதற்குள் 'கிலோ என்ன விலை?' என்று கமென்ட் வந்திருந்தது.

2022 அக்டோபர் முதல் வாரம். அமெரிக்காவிலிருந்து ஒரு வீடியோ உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். க்ளீவ்லேண்ட் நகரத்தில், ஈரி ஏரியில் நடந்த மீன்பிடிப் போட்டி. செப்டம்பர் 30 அன்று இரண்டு பேர் கொண்டுவந்த ஐந்து மீன்களைத் தராசில் வைக்கிறார்கள். மொத்தம் 33.9 பவுண்டு, நம் கணக்கில் 15 கிலோவுக்கு மேல். பார்த்தால் அவ்வளவு எடை இருக்கும்போல் தெரியவில்லை. போட்டி நடத்துபவர் கத்தியால் ஒரு மீனின் வயிற்றைக் கிழிக்கிறார். உள்ளே ஈயக் குண்டு! அடுத்தடுத்த மீன்களிலும் அப்படியே, மொத்தம் பத்துக் குண்டுகள். போதாததற்கு வேறு மீனின் சதைத் துண்டுகளையும் திணித்திருந்தார்கள். பரிசுத் தொகை 28,000 டாலருக்கும் அதிகம். அன்றைய மதிப்பில் 23 லட்ச ரூபாயைத் தாண்டும். கூட்டம் கத்திய கத்தலில் காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டேன்.

அந்த மீனின் பெயர் வால்-ஐ. பூனைக்கண் மாதிரி இருட்டில் மின்னும் கண். வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் ஒரு படலம் அந்தக் கண்ணுக்குள் இருக்கிறது. அதனால் மங்கிய வெளிச்சத்திலும் அதற்கு நன்றாகத் தெரியும். விடியலிலும் அந்தியிலும் இரை தேடும். மின்னசோட்டா மாகாணத்தின் மாநில மீனே அதுதான். இதையெல்லாம் படித்து, பொறுப்பாக எழுதி அனுப்பினேன். எடிட்டிங்கில் 'வால்-ஐ' என்பது எழுத்துப்பிழை என்று நினைத்து 'வாளை' ஆக்கிவிட்டார்கள். 'வாளை மீன் வயிற்றில் ஈயம்' என்று செய்தி வந்தது. மீன் தெரிந்தவர்கள் எல்லாரும் கமென்ட்டில் வந்து என்னை வறுத்தார்கள்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அண்ணனிடமிருந்து போன்.

"ஏய், அது வாளை இல்லடி. வாளை மூஞ்சி வேற மாதிரி இருக்கும். அது என்ன மீனு?"

சொன்னேன். சிரித்தான். "நம்ம ஊர்ல மீனுக்குள்ள ஐஸ்கட்டி வச்சுதான் எடை ஏத்துவாங்க. இவனுங்க ஈயத்தையே வச்சிருக்கானுங்க பாரு!"

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. புதன்கிழமை, காலை பதினொரு மணி. அண்ணனுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். அவன் வேலை பார்த்த கம்பெனியில் உள்ளே போன் கொண்டுபோக முடியாது. கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆறு வருடத்தில் ஷிஃப்ட் நேரத்தில் அவன் எனக்குப் பேசியதே இல்லை. பேசும்போது பின்னால் மெஷின் சத்தமும் கேட்கவில்லை. ஏதோ பறவைதான் கத்திக்கொண்டிருந்தது.

எங்கள் வீடு ஸ்ரீபெரும்புதூருக்கும் ஓரகடத்துக்கும் நடுவில் ஒரு கிராமம். தாத்தா காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியபோது நான் பிறந்திருக்கவில்லை. 2010-ல் ஓரகடத்தில் அடுத்த கார் தொழிற்சாலை திறந்தபோது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். இன்று எங்கள் தெருவில் காலை ஐந்தரைக்கு முதலில் கேட்பது கம்பெனி பஸ்ஸின் ஹாரன்தான். ஆனால் ஏரிகள் அப்படியே இருக்கின்றன. பிள்ளைப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர், மணிமங்கலம் என்று பெரியதும், பெயர் வெளியே தெரியாத சிறியதுமாக. பிள்ளைப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் ஏரிகள் நிரம்பினால் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகும். மழைக்காலத்தில் செய்தியில் அடிபடும் ஊர்ப் பெயர்கள் எல்லாம் எங்களுக்கு மாமா வீடு, அத்தை வீடு.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். அண்ணன் குளித்துக்கொண்டிருந்தபோது, கொடியில் கிடந்த யூனிஃபார்ம் சட்டையை மடிக்க எடுத்தேன். பாக்கெட்டில் என்னவோ சுருக்கென்று குத்தியது. ரப்பர் தவளை. வயிற்றுக்குக் கீழே முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இரண்டு முள்.

"அம்மாகிட்ட சொல்லிடாத" என்றான். கான்ட்ராக்ட் முடிந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. 'கூப்பிடறோம்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். உத்திரமேரூர் பக்கம். பையன் கம்பெனி வேலை என்று சொல்லித்தான் ஜாதகமே கொடுத்திருந்தது. ஆகவே அவன் தினமும் ஐந்து மணிக்கு எழுந்து, யூனிஃபார்ம் போட்டு, டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு, பைக்கில் கிளம்பி, ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தான். இரண்டரை மணிக்குச் சரியாக வீடு திரும்புவான்.

"காசுக்கு?"

"விரால்" என்றான்.

ஞாயிறு விடியலில் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். அம்மாவிடம் கோயில் என்று சொன்னோம்.

தூண்டில் என்றால் எனக்குத் தெரிந்தது மூங்கில் கழி, தங்கூசி நரம்பு, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, முள்ளில் மண்புழு. தாத்தா அப்படித்தான் ஜிலேபி பிடிப்பார். அண்ணனிடம் இருந்தது ஏழடி நீள ராடு, சுழலும் ரீல், பின்னல் நரம்பு. எல்லாம் சேர்த்து 2,800 ரூபாய் என்றான். தவளை ஒன்று 150 ரூபாய். 'இருக்கிற நிலைமையில் இந்தச் செலவா?' என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

அவன் தண்ணீரைப் பார்க்கும் விதம் எனக்குப் புதிதாக இருந்தது. அல்லி இலையும் ஆகாயத்தாமரையும் மூடிக்கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் சும்மா நின்றான். "தூண்டில் போட மாட்டியா?" என்றேன். "மூச்சு விடட்டும்" என்றான்.

விராலுக்குச் செவுள் மட்டும் போதாது; காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பும் அதற்கு உண்டு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து காற்றைக் குடித்தே ஆக வேண்டும். வராவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். தண்ணீர் இல்லாமலும் நேரம் தாக்குப்பிடிப்பதால்தான் சந்தையில் அதை உயிரோடு அன்னக்கூடையில் வைத்து விற்கிறார்கள்; கையில் நழுவாமல் இருக்கச் சாம்பலைத் தடவிப் பிடிக்கிறார்கள். தெலங்கானாவில் இதற்கு 'கொர்ரமீனு' என்று பெயர். 2016-ல் மாநில மீனாகவே அறிவித்துவிட்டார்கள். நம் ஊரில் மாநில மீன் பட்டமெல்லாம் இல்லை. ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஆக்கிக் கொடுக்கும் மரியாதை உண்டு.

ஓர் இலைக்குப் பக்கத்தில் 'ப்ளக்' என்று சின்னச் சத்தம். அண்ணன் அதற்கு நேராக வீசவில்லை. பத்தடி தாண்டி வீசினான். தவளை இலைமேல் விழுந்தது. விட்டு விட்டுச் சுண்டினான். அது இலைக்கு இலை தத்தித் தத்தி வந்தது. முள் மேல்நோக்கி ஒட்டி இருப்பதால் செடியில் மாட்டவில்லை. மீன் வாயை மூடி அழுத்தும்போது ரப்பர் அமுங்கி முள் வெளியே வரும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

தண்ணீர் வெடித்தது. நான் கத்திவிட்டேன். அண்ணன் அசையவில்லை. உதடு மட்டும் "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்றது. அதன் பிறகுதான் வெட்டி இழுத்தான். சத்தம் கேட்டதும் இழுத்தால் தவளை மட்டும் திரும்பி வருமாம். முதல் இரண்டு வாரம் அவனுக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது. கரையில் விழுந்தது ஒன்றே கால் கிலோ. நெடுஞ்சாலை ஓரத்தில் மீன் வைத்திருக்கும் அக்கா கிலோ 500 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வார்.

கரையில் அவன் மட்டும் இல்லை. நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்தவர்கள் நாலைந்து பேர். மேற்கு வங்கத்து மால்டாவிலிருந்து வந்த ஒருவர் சிவப்பு எறும்பின் முட்டையை மாவோடு பிசைந்து உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். ரோகுவுக்கு இதைவிட நல்ல இரை கிடையாது என்பது அவர் வாதம். அண்ணனின் விராலைப் பார்த்ததும் "ஷோல்!" என்று கண் விரிய எழுந்து வந்தார். அண்ணனுக்கு பெங்காலி தெரியாது. அவருக்குத் தமிழ் பத்து வார்த்தை. ஒரு பீடியை இருவரும் மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். எனக்கு அண்ணன் பீடி பிடிப்பதே அன்றுதான் தெரியும்.

அந்த ஏரியின் மீன்பாசி குத்தகை வேறொருவர் பெயரில் இருந்தது. அவர் விட்டு வளர்ப்பது கட்லா, ரோகு, மிருகால். அந்தக் குஞ்சுகளை விரால் தின்றுவிடும். அதனால் தூண்டிலில் விரால் பிடிக்கும் ஒன்றிரண்டு பேரை அவர் கண்டுகொள்ளவில்லை. "கட்லா மேல கை வைக்காத வரைக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றான் அண்ணன்.

கிளம்பும்போது ஒன்று காட்டினான். மதகுக்குப் பக்கத்தில், நாணல் ஓரமாக, தண்ணீர்மேல் குங்குமம் கொட்டியதுபோல ஒரு திட்டு. அது நகர்ந்தது. குமிழி குமிழியாகக் கொப்பளித்தது. "விரால் குஞ்சு. நூத்துக்கணக்குல இருக்கும். அப்பன், ஆத்தா ரெண்டும் கீழயே நிக்கும்."

"அப்ப அங்க போட்டா ஈஸியா மாட்டுமே?"

"மாட்டும். பசிக்காது, ஆனா குஞ்சுகிட்ட எது வந்தாலும் பாய்ஞ்சு கடிக்கும். கண்ணை மூடிக்கிட்டுப் போட்டாக்கூட மாட்டும்." ராடை மடக்கிக்கொண்டே சொன்னான்: "ஆத்தாளைத் தூக்கிட்டா சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் கெளுத்தியும் குறவையும் தின்னு தீர்த்துடும். அங்க நான் போடறதில்ல."

அவனுக்கு அன்று அந்த ஐந்நூறு, அறுநூறு ரூபாய் எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். இதை எழுதும்போதும் அந்தச் சிவப்புத் திட்டு கண்ணில் நிற்கிறது.

அதன் பிறகு பெரும்பாலான ஞாயிறுகளில் ஊருக்குப் போனேன். அம்மாவுக்கு எனக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டதில் சந்தோஷம்.

இனி என் கதை.

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, எனக்கு வார விடுமுறை. அன்று அண்ணன் பிடித்தது 3.2 கிலோ. ஏரியில் அதற்கு முன் அவ்வளவு பெரிதைப் பார்த்ததில்லை. வெடித்தது முதல் கரையேறியது வரை என் போனில் இருந்தது. கடைசியில் மீனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறான். மூன்று மாதத்தில் அவன் அப்படிச் சிரித்துப் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்புக்காகத்தான் போட்டேன் என்று இப்போதும் சொல்லிக்கொள்கிறேன். முழு உண்மை அதுவல்ல. அந்த வாரம் என் கணக்கில் வியூஸ் குறைவு. ரிப்போர்ட் ஷீட்டில் என் பெயருக்கு நேரே உள்ள எண் சிவப்பில் இருந்தது. '3 கிலோ ராட்சத விரால்... ஓரகடம் அருகே இளைஞர் வேட்டை!' என்று போட்டேன். அண்ணனிடம் கேட்கவில்லை.

இரண்டு நாளில் நான்கு லட்சம் பேர் பார்த்தார்கள். டெஸ்க்கில் கைதட்டினார்கள். 'விரால் நிஜமாவே வைரல்' என்று ஒரு சீனியர் ஜோக் அடித்தார். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

ஏரியின் பெயரை நான் எழுதவில்லைதான். ஆனால் அண்ணனுக்குப் பின்னால் ஒரு கம்பெனியின் நீலக் கூரையும் தண்ணீர்த் தொட்டியும் தெளிவாகத் தெரிந்தன. அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது போதும். வந்த ஞாயிற்றுக்கிழமை கரையில் நாற்பது பைக் நின்றது. சென்னையிலிருந்துகூட ஆட்கள். யாரோ ஒருவர் சிவப்புத் திட்டைக் கண்டுபிடித்து, 'குஞ்சு மேல போடுங்க, கண்டிப்பா கடிக்கும்' என்று அங்கேயே நின்று இன்னொரு வீடியோ எடுத்துப் போட்டார். விரால் கிடைக்காதவர்கள் மைதா உருண்டையில் நாலைந்து முள் வைத்துக் கட்லாவை அள்ளினார்கள். அடுத்த வாரம் குத்தகைக்காரர் ஓர் ஆளைக் காவலுக்கு வைத்தார். 'தூண்டில் போடக் கூடாது' என்று தகரத்தில் எழுதிக் கட்டினார். அவர் மேல் என்ன தப்பு? மால்டாக்காரரையும் விரட்டிவிட்டார்களாம். அவர் தூண்டிலைக் கையிலேயே சுற்றிக்கொண்டு கிளம்பினார் என்று அண்ணன்தான் பிறகு சொன்னான்.

இதெல்லாம் பாதிதான். உத்திரமேரூரில் பெண்ணின் தாய்மாமன் போனிலும் அந்த வீடியோ போயிருக்கிறது. அவர் அப்பாவுக்குப் போன் செய்து, "மாப்பிள்ளைக்கு இன்னிக்கு லீவுங்களா?" என்று மட்டும்தான் கேட்டார். அப்பாவுக்கு எதுவும் புரியவில்லை. அன்று இரவு அண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அம்மா அழவில்லை. மூன்று மாதமாகக் கட்டிக் கொடுத்த டிபனை ஏரிக்கரையில் உட்கார்ந்தா சாப்பிட்டாய் என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். பெண் வீட்டார் வேண்டாம் என்று சொல்லவில்லை. பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.

வீடியோவை எடுத்துவிட்டேன். அதற்குள் பலர் அதை இறக்கி, பாட்டுச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். இப்போதும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. அண்ணன் என்னைத் திட்டவே இல்லை. "ரீல் போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று ஒருமுறை சொன்னான். அதற்குப் பிறகு பேச்சு, 'சாப்பிட்டியா', 'ம்' என்ற அளவில் நின்றுபோனது. பொங்கலுக்குப் பிறகு ஒரு குடோனில் நைட் ஷிஃப்ட் வேலை கிடைத்துப் போகத் தொடங்கினான். ராடு பரணில் ஏறிவிட்டது.

அந்த மாதங்களில் வேறு வேலையாகத் தேடும்போதெல்லாம் வால்-ஐ பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். மின்னசோட்டாவில் அது முட்டையிடும் வசந்த காலத்தில் தூண்டில் போட அனுமதி இல்லை. மே மாதம் சீசன் திறக்கும் நாள் கிட்டத்தட்டத் திருவிழா; 1948 முதல் ஆளுநரே அதில் தூண்டில் போட வருகிறார். இத்தனைக்கும் வால்-ஐ முட்டையைக் கற்களுக்கு நடுவே விட்டுவிட்டுப் போய்விடும், குஞ்சைக் காக்காது. நம் கடலுக்கும் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் உண்டு. குஞ்சோடு கூடவே நிற்கிற விராலுக்கு எங்கள் ஏரிக்கரையில் அப்படி ஒரு நாள் குறித்து நான் பார்த்ததில்லை. அண்ணன் மாதிரி ஆட்கள் தாங்களாகவே வைத்துக்கொண்ட நாள்தான்.

2023 மே மாதம், ஈயக் குண்டு வழக்கில் தண்டனை வந்தது. இருவரும் மார்ச்சிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார்கள். பத்து நாள் சிறை. அவர்களின் படகு பறிமுதல். மீன்பிடி லைசென்ஸ் மூன்று வருடத்துக்கு நிறுத்தம். செய்தியை எழுதி முடித்தேன். இந்த முறை 'வால்-ஐ' சரியாக வந்திருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். பிறகு அண்ணனுக்குப் போன் செய்தேன். எதற்கு என்று யோசிப்பதற்குள் எடுத்துவிட்டான்.

விஷயத்தைச் சொன்னேன்.

"பத்து நாள் ஜெயிலா? மீனுக்கா?"

"ஆமா."

"படகு?"

"போச்சு. லைசென்ஸும் மூணு வருஷத்துக்குக் கிடையாது."

கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. குடோனில் ஏதோ வண்டி பின்னால் வரும் 'பீப் பீப்' சத்தம் மட்டும் கேட்டது.

"மூணு வருஷம் ரொம்பத்தான்" என்றான். பிறகு, "ஞாயித்துக்கிழமை வர்றியா? வேற ஏரி. தண்ணி கம்மிதான், மதகுப் பள்ளத்துல மட்டும் நிக்குது. போனை வீட்டுலயே வச்சிட்டு வா."

போனேன். கோடையில் ஏரி வெடித்துக் கிடந்தது. மால்டாக்காரர் எங்களுக்கு முன்பே வந்து, முருங்கை மர நிழலில் எறும்பு முட்டை பிசைந்துகொண்டிருந்தார். பத்து மணி வரை தவளையை எதுவும் தொடவில்லை. அண்ணன் ராடை என்னிடம் கொடுத்தான். நான் வீசியது நேராகக் கரைச் செடியிலேயே போய் விழுந்தது. மால்டாக்காரர் சிரித்தார். மூன்றாவது தடவை தண்ணீரில் விழுந்தது. சுண்டினேன். சின்னதாக ஒரு வெடிப்பு, எண்ணாமல் இழுத்துவிட்டேன். தவளை மட்டும் பறந்து வந்து அண்ணனின் தோளில் மோதியது.

"எண்ணணும்டி" என்றான். "மறுபடி போடு."